அனுப்புநரை நம்பிய நெறிமுறை

மின்னஞ்சலில் வேண்டாத மடல்கள் குவியக்கூடும் என்பதை அதன் முன்னோடிகள் அறியாதிருந்தனர் என்று கூற இயலாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் உருவான ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பில், தனக்கு ஒவ்வாத செய்திகளை மட்டும் பிரித்து மறுப்பதற்கு ஒரு கணினிக்கு வழியே இல்லை என்பதை ஜான் போஸ்டல் 1975 நவம்பரிலேயே ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டிருந்தார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், 1978 மே மாதத்தில் புதிய கணினிகளுக்கான விளம்பர மடல் ஒன்றை ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பியபோது அந்த ஐயம் மெய்யாயிற்று.

வியப்பு என்னவெனில், 1982இல் மின்னஞ்சலுக்கு அடிப்படையான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை, அதாவது ஓர் அஞ்சல் வழங்கி மற்றொரு வழங்கியிடம் மடலை ஒப்படைக்கும் விதிகளை, வகுத்தவரும் அதே போஸ்டல்தான். கடித உறையின் மேல் எவர் பெயரையும் அனுப்புநராக எழுதிவிடலாம் என்பதைப் போலவே, இந்நெறிமுறையும் அனுப்புநர் சொன்ன முகவரியைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களுமே இணைந்திருந்த வலையமைப்பில் அது குறையாகத் தோன்றவில்லை. 1990களில் வணிகம் உள்ளே வந்தபின், அனுப்புவதற்குச் செலவே இல்லாத இவ்வமைப்பு விளம்பரதாரர்க்கும் மோசடிக்காரர்க்கும் பெருவாய்ப்பாயிற்று.

எனவே அடித்தளத்தையே மாற்றும் யோசனைகள் எழுந்தன. ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புநரின் கணினி ஒரு சிறு கணக்கைத் தீர்த்துக் காட்ட வேண்டும் என்று சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் இருவரும் 1992இல் முன்மொழிந்தனர். ஒரு மடலுக்குச் சில நொடிகள் பொருட்டல்ல, பல இலட்சம் மடல்களுக்கு அது தாங்கவொண்ணாச் சுமை என்பதே அதன் தருக்கம். 1997இல் ஆடம் பேக் உருவாக்கிய ஹாஷ்கேஷ் இத்தகையதே. ஆயினும், பிறர் கணினிகளைக் களவாகக் கைப்பற்றி அனுப்புவோர்க்கு இக்கணக்கு இலவசமாகவே தீர்ந்துவிடும் என்பதால், அவர்களைத் தடுக்குமளவு சுமையைக் கூட்டினால் நேர்மையாளரே முதலில் முடங்குவர் என்று 2004இல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் கணக்கிட்டுக் காட்டினர். அஞ்சலில் தோற்ற அந்த உத்தி பின்னர் பிட்காயினில் நிலைபெற்றது தனிக்கதை.

டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த ‘இன்டர்நெட் மெயில் 2000’ இவற்றினும் துணிவானது. மடலைப் பெறுநர் படிக்கும்வரை அனுப்புநரின் வழங்கியே சேமித்து வைத்திருக்க வேண்டும், பெறுநருக்கு ஓர் அறிவிப்பு மட்டுமே செல்லும் என்ற அத்திட்டம், சேமிப்புச் செலவை உரியவர் தலையில் ஏற்றியது. உலகெங்கும் உள்ள வழங்கிகள் மாறினாலன்றிப் பயன்தராத அதை முதலில் ஏற்பவர்க்கு ஆதாயம் ஏதுமில்லாததால், அது ஏட்டளவிலேயே நின்றது.

நிலைத்தவை பழைய நெறிமுறையின் மேல் போடப்பட்ட ஒட்டுகளே: ஒரு களப்பெயரின், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயரின், சார்பில் அஞ்சல் அனுப்பத் தகுந்த வழங்கிகளை அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., மடலில் எண்முறைக் கையொப்பமிடும் டி.கே.ஐ.எம்., இவ்விரு சோதனைகளிலும் தவறிய மடலை என்செய்வது என்று களப்பெயரின் உரிமையாளர் அறிவிக்க உதவும் டிமார்க். இவை அனுப்பிய களப்பெயரை மெய்ப்பிக்குமேயன்றி, அனுப்பியவரின் நோக்கத்தை மெய்ப்பிப்பதில்லை. அந்தத் தீர்ப்பு பெருநிறுவனங்களின் வடிகட்டிகளிடம் சென்றது. பெருமளவில் மடல்களைத் தம் பயனர்க்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கைக்கொள்ள வேண்டும் என 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கின. பொது உடன்பாட்டால் கைகூடாத சீர்திருத்தம், இரு நிறுவனங்களின் ஆணையால் நடைமுறைக்கு வந்தது.