வெண்தூள் வந்த வழி

பக்கவாத நோயாளிக்கான இந்த மருந்துக் குப்பியைச் செவிலியர் குலுக்குவதில்லை. உள்ளே 50 மில்லிகிராம் வெள்ளைத் தூள் இருக்கிறது. கூடவே வரும் 50 மில்லி தூயநீரை அதற்குள் செலுத்தி மெதுவாகச் சுழற்றுவார், குலுக்கினால் நுரைத்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு. நோயாளி 60 கிலோ என்றால் 54 மில்லிகிராம் வேண்டும். ஒரு குப்பி போதாது, இன்னொன்றையும் திறக்க வேண்டும். 5.4 மில்லியை ஒரே நிமிடத்தில் ரத்தத்தில் ஏற்றிவிட்டு, மீதி 48.6 மில்லியைப் பம்பில் பொருத்தி ஒரு மணி நேரம் ஓடவிடுவார்கள். மூளைக்குப் போகும் குழாயை அடைத்து நிற்கும் ரத்தக்கட்டி அதற்குள் கரையத் தொடங்க வேண்டும்.

ஆல்ட்டிப்ளேஸ் என்பது இதன் பெயர். மருத்துவர்கள் பேச்சில் டி.பி.ஏ. நம் உடலுக்கு இது அந்நியப் பொருள் அல்ல; ரத்தக்குழாய்களின் உட்சுவரே இதைச் சுரக்கிறது. காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும், காரியம் முடிந்ததும் உறைந்தது கரையவும் வேண்டும். ரத்தத்தில் பிளாஸ்மினோஜென் என்ற புரதம் எந்த வேலையும் செய்யாமல் மிதந்துகொண்டிருக்கிறது. அது பிளாஸ்மினாக மாறினால் கட்டியைப் பிணைத்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுத்துவிடும். மாற்றிவிடுவது டி.பி.ஏ.யின் வேலை. ரத்தத்தில் தனியே திரியும்போது அது மந்தமாகத்தான் இருக்கும். ஃபைப்ரின் மேல் போய் ஒட்டிக்கொண்டதும் அதன் வேகம் பல மடங்கு கூடுகிறது. எங்கே கட்டி இருக்கிறதோ அங்கே வேலை என்கிற இந்தக் குணத்துக்காகத்தான் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் இதன் பின்னால் அலைந்தார்கள்.

ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் வேறொரு பொருள் அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. 1933இல் பால்டிமோரில் வில்லியம் டில்லெட் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிடம் அதைக் கண்டார். பின்னாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பெயரில் மாரடைப்பு நோயாளிகள் பலரைக் காப்பாற்றிய மலிவான மருந்து அது. ஆனால் கட்டி எது, ஓடும் ரத்தம் எது என்ற பேதம் அதற்குக் கிடையாது.

திசுக்களில் இப்படியொரு கரைப்பான் ஒளிந்திருப்பதை 1947இல் கோபன்ஹேகனில் டாகே ஆஸ்ட்ரப் கண்டு எழுதினார். கண்டது ஒரு காரியம், பிரித்தெடுப்பது வேறு காரியம். 1979இல் நெதர்லாந்தின் ரைக்கனும் சகாக்களும் மனிதக் கருப்பைத் திசுவிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தார்கள். ஐந்து கிலோ திசுவுக்குக் கிடைத்தது சுமார் ஒரு மில்லிகிராம். மேலே சொன்ன 60 கிலோ நோயாளி ஒருவருக்கு அந்த முறையில் மருந்து தயாரிக்க 270 கிலோ திசு வேண்டும்!

ரைக்கன் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்துக்கு டெசிரே கோலனிடம் வந்து சேர்ந்தார். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் உயிரணு வரிசை ஒன்று இதே புரதத்தைத் தாராளமாகச் சுரந்தது. அதை ஆய்வகத்தில் வளர்த்து, வளர்ந்த திரவத்திலிருந்து புரதத்தை வடித்தெடுத்தார்கள். 1981இல் நெதர்லாந்தில், ஏற்கெனவே சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவருக்கு இடுப்பு, தொடைச் சிரையில் உறைந்திருந்த கட்டி இந்தப் புரதத்தால் கரைந்தது. மனிதரில் அதன் முதல் வேலை அதுதான். ஓர் உயிரைத் தின்ன வந்த புற்றிலிருந்து இன்னொருவருக்கு மருந்து பிறந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

1980இல் சுவீடனின் மால்மோ நகரில் நடந்த மாநாட்டில் கோலன் குழுவின் பேச்சை ஜெனன்டெக் நிறுவனத்தின் டயேன் பென்னிக்கா கேட்டார். 527 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் மரபணுக் குறிப்பைப் படியெடுத்து, 1983இல் நேச்சர் இதழில் அவர் குழு வெளியிட்டது. பிறகு சீன வெள்ளெலியின் உயிரணுக்கள் தொட்டி தொட்டியாக அதைத் தயாரித்தன. 1987 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மாரடைப்புக்கு மட்டும்.

மூளைக்கு ஏன் இல்லை? பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு. குழாய் அடைபடுவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. கை கால் விழுந்து வாய் கோணிக் கிடப்பவரை வெளியிலிருந்து பார்த்து எந்த வகை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்கு இந்த ஊசியைப் போட்டால் அது கொலை. பிரித்துக் காட்ட ஒரு கருவி வேண்டும். அது முன்பே வந்திருந்தது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அந்தப் படத்தில் கசிந்த ரத்தம் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாது. இதைக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். கை கால் விழுந்தவருக்கு "சி.டி. நார்மல்" என்று சொன்னால் பக்கவாதம் இல்லை என்று பொருளல்ல. ரத்தக் கசிவு இல்லை, ஊசி போடலாமா என்று பார்க்கலாம் என்பதே பொருள்.

கருவி இருந்தும் மருந்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மாரடைப்பு மருந்தை மூளைக்குக் கொண்டுவந்த ஆய்வுதான் இந்தப் பயணத்தின் கடினமான மலைப்பாதை. சின்சினாட்டியின் தாமஸ் ப்ராட் முதலானோர் அறிகுறி தொடங்கி 90 நிமிடத்துக்குள் வந்த 74 பேருக்கு அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு கொடுத்தால் ரத்தம் கசியத் தொடங்குகிறது என்று அதில் தெரிந்தது. பிறகு 1991 முதல் 1994 வரை அமெரிக்காவின் தேசிய நரம்பியல் நிறுவனம் 624 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் கரைசல். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் மூன்று மணி நேரத்துக்குள், அதிலும் பாதிப் பேருக்கு 90 நிமிடத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். பக்கவாதத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று நிதானமாக நடந்துகொண்டிருந்த மருத்துவமனைகள் ஓடக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

முதல் 291 பேரிடம் 24 மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவு தெரியவில்லை. அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் மருந்து அன்றே செத்திருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கதை மாறியது. இரண்டாம் பகுதியில் சேர்ந்த 333 பேரில், மருந்து பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் கிட்டத்தட்டக் குறையே இல்லாமல் இருந்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம். இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால், மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானவர்கள் மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 0.6. அப்படியிருந்தும் மூன்று மாத இறப்பு மருந்துப் பக்கத்தில் கூடவில்லை, 17க்கு 21. இந்த 6.4ஐ மறைத்துக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்குவது அநியாயம். அதை மட்டும் சொல்லிப் பயமுறுத்தி அனுப்புவதும் அதே அளவு அநியாயம்.

1996 ஜூனில் பக்கவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது. அதே காலத்தில் ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பக்கவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ரத்தக் கசிவால் பாதியில் நின்றன. அந்தப் பயத்தில் ஆல்ட்டிப்ளேஸையும் பல அவசரப் பிரிவுகள் நெடுநாள் தொடவில்லை. 2008இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு மூன்று மணி நேரம் என்ற எல்லையை நாலரை மணி நேரமாக்கியது. ஆனால் எல்லை நீண்டதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்பது ஆய்வுகளின் 6,756 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2014இல் கணக்கிட்டபோது, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் நன்றாகத் தேறுவோர் 100இல் 10 பேர் கூடுகிறார்கள். மூன்று முதல் நாலரைக்குள் என்றால் 5 பேர் மட்டும். அதே தூள், அதே அளவு. நேரத்தில்தான் பாதிப் பலன் கரைந்துபோகிறது.

ஆகவே, புதிய மருந்தைக் கண்டவர்களுக்குச் சமமாக ஹெல்சிங்கி மருத்துவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் நடைமுறையை மட்டும் மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் வரும் வழியிலேயே போன் வரும். நோயாளியின் பழைய விவரங்கள் அதற்குள் எடுத்து வைக்கப்படும். ஸ்ட்ரெச்சர் நேரே சி.டி. அறைக்குப் போகும்; ஊசி அங்கேயே போடப்படும். மருத்துவமனை வாசலிலிருந்து ஊசி வரை 1998இல் 105 நிமிடம் ஆனது, 2011இல் 20 நிமிடமாகக் குறைந்தது.

பெரிய குழாயில் நிற்கும் பெரிய கட்டிக்குத் தூள் மட்டும் போதாது. கம்பிவலையை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை 2015இல் நெதர்லாந்தின் 500 பேர் ஆய்வோடு நிலைபெற்றது. பிறர் துணையின்றி வாழ்ந்தவர்கள் 19 சதவீதத்திலிருந்து 33 ஆனார்கள். அந்த 500 பேரிலும் பெரும்பாலானோர் முதலில் தூளைப் பெற்றவர்களே.

இப்போது தூளுக்கு ஒரு வாரிசு வந்திருக்கிறது. மூலக்கூறில் மூன்று இடங்களை மாற்றிச் செய்த டெனெக்டெப்ளேஸ் ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். பம்பும் ஒரு மணி நேரச் சொட்டும் வேண்டாம், ஒரே ஊசி. கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கொடுத்த நார்வே ஆய்வு கசிவால் நிறுத்தப்பட்டது. 0.25 கொடுத்த கனடாவின் ஆய்வு 2022இல் அது ஆல்ட்டிப்ளேஸுக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. இந்தியாவிலேயே தயாராகும் மருந்து இது. பம்பும் ஆளும் போதாத தாலுகா அளவிலான மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் எண்ணம்.

இந்த மருந்து உங்கள் வீட்டாருக்குக் கிடைக்க வேண்டுமானால் சிலவற்றைச் செய்யுங்கள். முகம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால், கொஞ்சம் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தானாக மறைந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக அவரை நன்றாகப் பார்த்தது எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அது. தூங்கி எழும்போதே அப்படி இருந்தால் காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், எம்.ஆர்.ஐ. பார்த்து அப்படிப்பட்டவர்களுக்கும் ஊசி போடலாம் என்று 2018இல் நிரூபித்திருக்கிறார்கள். சி.டி. எடுக்கும்வரை ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து, சி.டி. வசதியும் இந்த ஊசியும் உள்ள மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.