தண்டுவடக் காயமும் ஒளிமரபியலும்

நரம்பணுக்களில் ஒளியுணர் புரதத்தைச் சேர்த்து, பின் ஒளி பாய்ச்சி அவற்றை இயக்கும் முறை ஒளிமரபியல். ஆப்டோஜெனடிக்ஸ் என்றும் சொல்வர். அந்தப் புரதம் கிடைத்தது கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியில். தாவரவியல் வகுப்பில் இரு கசையிழைகளுடன் படம் வரைந்தோமே, அதே பாசிதான். வெளிச்சத்தை நோக்கி நீந்த அதற்கு உதவும் சேனல்ரோடாப்சின்-2 புரதத்தை 2003இல் ஜெர்மனியின் நாகெல், ஹெகெமன், பாம்பெர்க் குழுவினர் விவரித்தனர். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் பாய்டன், டெய்செராத் குழுவினர் அதை எலியின் நரம்பணுக்களில் புகுத்தி, நீல ஒளியால் தூண்டினர்.

தண்டுவடக் காயத்துக்கு இது உதவுமா என்பதை 2008இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அலிலெய்ன், சில்வர் முதலியோர் எலிகளில் சோதித்தனர். கழுத்தில் தண்டுவடத்தின் ஒரு பாதியை வெட்டினால், மூளையின் மூச்சுக் கட்டளை அந்தப் பக்கத்து உதரவிதானத்தை எட்டாது. ஆனால் அதை இயக்கும் நரம்பணுக்கள் வெட்டுக்குக் கீழே உயிரோடுதான் இருக்கும். அவற்றுக்கு வைரஸ் வழியாகப் பாசியின் மரபணுவைச் செலுத்தி, விட்டுவிட்டு ஒளி பாய்ச்சினர். செயலிழந்த பக்கம் மீண்டும் மூச்சோடு சேர்ந்து அசைந்தது. ஒளியை நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் நீடித்ததுதான் வியப்பு.

மின்தூண்டல் அருகிலுள்ள நரம்புகளையும் சேர்த்தே கிளறும். ஒளி, புரதம் உள்ள அணுக்களை மட்டும் தூண்டும். ஆனால் மரபணுவை உடலில் செலுத்தியாக வேண்டும். ஒளியும் தண்டுவடத்தை எட்ட வேண்டும். 2021இல் பார்வையிழந்த ஒருவருக்கு இம்முறையால் ஓரளவு பார்வை திரும்பியதாக அறிவிக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது இன்னும் சிகிச்சையாக வரவில்லை. அவர்களுக்கு இன்று கைகொடுப்பது மறுவாழ்வுப் பயிற்சியே. 1954 விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், வேலூரில் அதற்கென ஒரு நிலையம் 1966இல் தொடங்கியது.