பூனைக்குக் கால் கழுவுதல்

நீளமுடிப் பூனையின் பின்புறத்தைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். செமோரில் எங்கள் தாமானில் இப்போது புசுபுசு முடியோடு பர்சியன் கலப்புப் பூனைகள் வரிசைக்கு நாலைந்தாவது இருக்கின்றன. வாலுக்கு அடியில் மலம் ஒட்டி, காய்ந்து, சடை பிடித்து, புழு வைக்கும் வரை போகும் தொல்லை அவற்றுக்கு உண்டு. லயத்துப் பூனைகளுக்கு இப்படி வந்ததாகப் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏன் என்று தேடப்போனால் கதை கொராசான், காபூல், லண்டன் என்று சுற்றிவிட்டுத் தோட்டத்து டிரசர் அறைக்கு வந்து சேர்கிறது.

தமிழுக்குப் பூனை புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயரைக் 'குட்டி' என்று வகுத்து வைத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் வெருகு இருட்டில் வீட்டுக் கோழியைத் தேடி வருகிறது. அது காட்டுப்பூனை. லயத்தில் நம்மவர்கள் எலிக்காக வைத்திருந்தது இந்த மண்ணின் பூனை: குட்டை முடி, ஒல்லி உடம்பு, முடங்கிய வால். அந்த வால் டார்வின் வரைக்கும் போயிருக்கிறது. மலாய்த் தீவுகள், சயாம், பர்மா எங்கும் பூனை வால் பாதி நீளத்தில், பல சமயம் நுனியில் முடிச்சோடு இருக்கும் என்று 1868இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பூனைக்கு நாக்கே சீப்பு, நாக்கே துண்டு. பின்னால் எதுவும் ஒட்டாது. ஒட்டினாலும் நக்கியே எடுத்துவிடும்.

நீளமுடி வேறு வழியில் வந்தது. 1620வாக்கில் பாரசீகத்தில் இருந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கொராசான் பக்கத்துப் பூனைகளின் பட்டு முடியைப் பார்த்து மயங்கிக் கடிதம் எழுதினார். போர்த்துகீசியர்கள் அவற்றை இந்தியாவுக்கும் கொண்டுபோயிருப்பதாகச் சொல்கிறார். சில ஜோடிகளை ரோமுக்குக் கொண்டுபோகும் ஆசை அவருக்கும் இருந்தது. 1815இல் காபூல் பற்றிய நூலை வெளியிட்ட எல்பின்ஸ்டன், அங்கிருந்து நீளமுடிப் பூனைகள் நிறைய ஏற்றுமதியாவதையும், எல்லா இடத்திலும் அவற்றைப் பாரசீகப் பூனை என்றே கூப்பிடுவதையும் குறித்திருக்கிறார். ஆக, பெயரிலேயே அப்போதிருந்து ஒரு குழப்பம்.

1871 ஜூலை 13, லண்டன் கிரிஸ்டல் பேலஸ். ஹாரிசன் வியர் என்ற ஓவியர் பூனைக் கண்காட்சி நடத்துகிறார். அதற்குப் பிறகு முடியின் நீளமும் முகத்தின் உருண்டையும் பரிசுக்கான கணக்காகின்றன. இருபதாம் நூற்றாண்டில் முகம் தட்டையாகிக்கொண்டே போனது. 2008இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய பர்சியன் பூனை மத்தியக் கிழக்குப் பூனைகளைவிட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கம் என்று காட்டியது. நீளமுடிக்குக் காரணமான மரபணுவின் பெயர் எஃப்ஜிஎஃப்5. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் முடி நீளும். இன்று ஈப்போ கடையில் கூண்டில் உட்கார்ந்திருக்கும் 'பர்சியன்' அந்தக் கண்காட்சி மேடையின் பேரன்தான்.

குளிருக்கு வளர்ந்து பரிசுக்காக நீட்டப்பட்ட முடி, 33 டிகிரி வெயிலும் புழுக்கமும் உள்ள கிந்தா பள்ளத்தாக்கில் என்ன செய்யும்? வியர்க்காது, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தட்டை முகத்தால் ஒழுங்காக நக்கிக்கொள்ள முடியாது. உடம்பு பெருத்தாலோ, வயதாகி மூட்டு வலித்தாலோ வாய் பின்புறத்துக்கு எட்டவே எட்டாது. கொஞ்சம் இளகிப் போனால் போதும், தொடை முடியெல்லாம் அப்பிக்கொள்ளும். அடியில் தோல் வெந்து புண்ணாகும். கிரைசோமியா பெசியானா என்ற ஈ இந்தப் பகுதியிலும் உண்டு. புண்ணிலும் ஈரமான உடல் துவாரங்களிலும் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிந்து, புழு உயிருள்ள சதைக்குள் துளைத்துப் போகும். இதில் விளையாட்டே கிடையாது.

இங்கேதான் இரண்டாவது வரலாறு குறுக்கிடுகிறது. புழு என்றதும் நம் வீடுகளில் கை போவது டெட்டாலுக்கு. 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண் கழுவும் முறையை எழுதினார். 1877இல் ஜேயஸ் ஃபுளூயிட், 1894இல் லைப்பாய், 1930களில் டெட்டால். கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும் மலேரியாவும் தோட்டத்து ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. டிரசர் அறையிலும் சாக்கடையிலும் அந்த வாசம் அடித்தால் இடம் சுத்தம் என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக நம் மூக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது.

ஆனால் பூனையின் ஈரல் பீனால் வகைகளைச் சரியாக முறிக்காது. அதற்கு வேண்டிய நொதியின் மரபணு பூனைக் குடும்பத்தில் எப்போதோ செயலிழந்துவிட்டது. ஒரே ஒரு பெனடால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம். டெட்டால் ஊற்றிய இடத்தைப் பூனை நக்கும். விஷம் உள்ளே போகும். மனிதர்களைக் காப்பாற்றிய வாசம் பூனைக்கு ஆபத்து.

என் பாட்டி தோட்டத்தில் ஆயாக்கொட்டகையில் வேலை செய்தவர். அம்மாக்கள் பால்மரம் வெட்டப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைகளுக்கெல்லாம் கால் கழுவிவிட்டவர். பக்கத்து வீட்டு மாமா எங்கள் பூனையைப் பார்த்துவிட்டு "டெட்டால் போட்டு அலசுங்க" என்றபோது பாட்டி கேட்டார்: "பச்சப்புள்ளைக்கு டெட்டால் ஊத்தியா கால் கழுவுனோம்? வெதுவெதுன்னு தண்ணி போதும்யா. கழுவுறது பெருசில்ல, ஈரம் போவ தொடைக்கணும்."

கால்நடை மருத்துவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். தினமும் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வாலடியிலும் தொடை உள்பக்கத்திலும் மாதம் ஒருமுறை மெஷினால் முடியைக் குட்டையாக்கிவிட வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம். பூனைத் தோல் மெல்லிசு. சடையோடு சேர்ந்து இழுபட்டு வெட்டுப்பட்டுவிடும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துவட்ட வேண்டும். அடிக்கடி இளகிப் போனால் தீனியையும் குடல்புழுவையும் பார்க்க வேண்டும். அரிசி மணி மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் ஆசனவாய்ப் பை அடைத்திருக்கலாம். புழு நெளிவதைக் கண்டால் அன்றைக்கே கிளினிக். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

தோட்ட வரலாறு என்று நாம் எழுதுவதில் பாலின் எடை இருக்கிறது, நாள் சம்பளம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது. கால் கழுவிய கைகளைப் பற்றி அதிகம் இல்லை. அது வேலையாகவே எண்ணப்படவில்லை. அசிங்கம் என்று ஒதுக்கி, யாராவது ஒரு கிழவியிடம் தள்ளிவிடப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பூனையை முகம் பார்த்துக் கொஞ்சுகிற நாமும், வாலடி வேலை வந்தால் வீட்டில் யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒருமுறை கவனிக்கலாம். பெரும்பாலும் அம்மாவைத்தான். எங்கள் வீட்டில் வார நாள் எனக்கு, சனி ஞாயிறு தம்பிக்கு என்று முறை வைத்திருக்கிறோம். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, துடைத்தது போதாது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.