மருந்து ஆய்வுப் பணம் பிறந்த கதை

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் விடியற்காலை வண்டிக்கு நிற்பவர்களில் பலர் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். வல்லூர் அனல்மின் நிலையம், எண்ணூரின் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று வேலைக்குக் குறைவில்லாத வட்டாரம் இது. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பகுதி காண்ட்ராக்ட் வேலை. ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கையில் காசு இருக்காது. வாடகையும் பைக் தவணையும் காத்திருக்காது. அந்த இடைவெளியில்தான் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு அழைப்பு வரும்: “ஸ்டடி ஒண்ணு இருக்கு, வர்றியா? ரெண்டு நாள் தங்கணும். மாத்திரை குடுப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. பணம் அக்கவுண்ட்ல வந்துடும்.”

உடம்பில் ஒரு நோயும் இல்லாதவன் மருந்தை விழுங்கிவிட்டுப் பணம் வாங்கி வருவது எப்படித் தொடங்கியது? யார் முதலில் கொடுத்தார்கள், யார் முதலில் வாங்கினார்கள்? தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. ஏனென்றால் இன்று அந்தப் பணத்தைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் பட்ட அடியிலிருந்து வந்தது.

1822 ஜூனில் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் படகுத் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றினார். காயம் ஆறியது, ஆனால் இரைப்பைக்குள் திறந்த துவாரம் மூடவே இல்லை. அந்தத் துவாரத்தின் வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, அது எப்படிச் செரிக்கிறது என்று போமன்ட் பார்த்தார். 1832-இல் இருவருக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக்கு 150 டாலர், சாப்பாடு, தங்குமிடம். எழுதப் படிக்கத் தெரியாத செயின்ட் மார்ட்டின் அதில் கீறல் போட்டார். மனித உடலை ஆய்வுக்குத் தருவதற்குப் பணம் பேசி எழுதிய மிகப் பழைய பத்திரங்களில் அது ஒன்று. செரிமானம் பற்றிய அறிவியல் அந்த ஏழையின் வயிற்றிலிருந்து வந்தது. புத்தகமும் புகழும் மருத்துவருக்குப் போயின.

அடுத்த பத்திரம் கியூபாவில் எழுதப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். அந்த நோயைக் கொசுதான் பரப்புகிறது என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொல்லியிருந்தார், நம்புவார் இல்லை. 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் தலைமையில் ஒரு குழு அதைச் சோதிக்க இறங்கியது. குழுவில் இருந்த மருத்துவர் ஜெஸ்ஸி லேஸியர் அந்த செப்டம்பரிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு, பிழைப்புத் தேடிக் கியூபாவுக்கு வந்திருந்த ஸ்பானிய இளைஞர்களிடம் ரீட் ஒரு தாளை நீட்டினார். ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒப்புதல் பத்திரம் அது. கொசுக்கடிக்குச் சம்மதித்தால் 100 டாலர் தங்கமாகத் தருவோம், காய்ச்சல் வந்துவிட்டால் இன்னொரு 100, இறந்துபோனால் அந்தப் பணம் நீங்கள் சொல்லும் ஆளுக்குப் போகும் என்றது பத்திரம். ஆபத்தை முன்கூட்டியே சொல்லி, அவரவர் மொழியில் எழுதி, கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு அந்தத் தாள் ஒரு முன்னோடி. ரீட்டின் பரிசோதனையில் அந்த இளைஞர்கள் யாரும் சாகவில்லை. கொசுதான் காரணம் என்பதும் உறுதியானது.

ஆனால் அடுத்த ஆண்டே விலை கொடுக்க நேர்ந்தது. ஹவானாவில் நடந்த தொடர் ஆய்வு ஒன்றில் கிளாரா மாஸ் என்ற 25 வயது அமெரிக்கச் செவிலி சேர்ந்தார். அவருக்கும் 100 டாலர்தான். 1901 ஆகஸ்ட் 24 அன்று மஞ்சள் காய்ச்சலில் அவர் இறந்தார். அந்தச் சாவு கிளப்பிய கோபத்தில் மனிதர்கள் மேல் நடந்த மஞ்சள் காய்ச்சல் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பணம் கொடுத்தோம், சம்மதம் வாங்கினோம் என்பது மட்டும் போதாது என்று உலகத்துக்குக் காட்டியவர் கிளாரா.

இரண்டாம் உலகப்போரில் நாஜி மருத்துவர்கள் முகாம் கைதிகளைச் சித்திரவதை செய்து நடத்திய சோதனைகள், 1947-இல் நியூரம்பெர்க் நெறிமுறைக்கு வழிவகுத்தன. மனமுவந்த சம்மதம் இல்லாமல் யார் மேலும் சோதனை கூடாது என்பது அதன் முதல் வாக்கியத்தின் சாரம். அதன் பிறகும் அமெரிக்க மருந்து நிறுவனங்கள் பல ஆண்டுகள் சிறைக் கைதிகளிடம்தான் புது மருந்துகளைச் சோதித்தன. கைதிக்குக் கிடைத்தது சில்லறை. அடைபட்டவன் கொடுக்கும் சம்மதம் உண்மையான சம்மதமா என்ற கேள்வி 1970-களில் வலுத்தது, சிறைக் கதவுகள் மருந்து நிறுவனங்களுக்கு மூடின. அங்கே கிடைத்துவந்த ஆட்களுக்குப் பதிலாக வெளியே ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாணவர்களும் வேலை இல்லாதவர்களும் தினக்கூலிகளும் பணத்துக்கு வந்தார்கள். இன்று நாம் அறிந்த ‘வாலண்டியர்’ அப்படித்தான் உருவானார்.

அதே காலத்தில் இன்னொரு தேவையும் முளைத்தது. ஆஸ்திரேலியாவில் 1960-களின் இறுதியில், வலிப்பு நோய்க்கு ஃபெனிடோயின் எடுத்துக்கொண்டிருந்த பலருக்குத் திடீரென்று நச்சு அறிகுறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. மருந்தோடு கலக்கும் வெறும் நிரப்புப் பொடியை மட்டும் மாற்றியிருந்தார்கள்: கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ். அந்த ஒரு மாற்றத்தால் ரத்தத்தில் ஏறிய மருந்தின் அளவு கூடிவிட்டது. 1971-இல் அமெரிக்காவில் இதய நோய் மருந்தான டிகாக்ஸினைப் பல நிறுவனங்களிடமிருந்து வாங்கிச் சோதித்தபோது, ஒரே மில்லிகிராம் மாத்திரைகள் ரத்தத்தில் பல மடங்கு வேறுபட்ட அளவைக் காட்டின. பெயரும் எடையும் ஒன்றாக இருந்தாலும் இரண்டு மாத்திரைகள் ஒன்றாகிவிடாது என்பது தெளிவானது. எப்படி நிரூபிப்பது? ஆரோக்கியமான ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுத்து, இரண்டு முறையும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இதுவே ‘பயோ ஈக்விவலன்ஸ்’ எனும் சமநிலை ஆய்வு. அமெரிக்கா 1977-இல் இதற்கு விதிகள் வகுத்தது. 1984-இல் வந்த ஹேட்ச்-வாக்ஸ்மேன் சட்டம், இந்த ஆய்வில் தேறினால் ஜெனரிக் மாத்திரைக்கு அனுமதி உண்டு, பெரிய நோயாளி ஆய்வுகளைத் திரும்ப நடத்தத் தேவையில்லை என்று வழி திறந்தது.

அந்த வழியில் ஓடி முன்னால் வந்த நாடுகளில் முக்கியமானது இந்தியா. 1970-இன் காப்புரிமைச் சட்டம் நம் நிறுவனங்களுக்கு மருந்துகளை வேறு செய்முறையில் தயாரிக்கும் உரிமை தந்திருந்தது. ஏற்றுமதி வளர வளர, அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு மாத்திரைக்கும் சமநிலைச் சான்று கேட்டன. அகமதாபாத், ஹைதராபாத், பெங்களூரு, சென்னை என்று ஆய்வு மையங்கள் எழுந்தன. 2017 ஏப்ரலில் உள்நாட்டு விதியும் மாறியது. நீரில் எளிதில் கரையாத வகை வாய்வழி மருந்துகளை விற்க இங்கேயும் இந்த ஆய்வு கட்டாயமானது. மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரைகள் பலவற்றின் பின்னால், எங்கோ ஒரு மையத்தில் கையை நீட்டிய இருபது முப்பது இளைஞர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் ஸ்கிரீனிங்: ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மஞ்சள் காமாலை, எச்ஐவி பரிசோதனைகள். தேறியவர்கள் முதல் நாள் மாலையே மையத்தில் தங்க வேண்டும். இரவு பத்து மணி நேரம் பட்டினி. காலையில் கையில் கேனுலா ஏற்றி, குறித்த அளவு தண்ணீரோடு மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கிவிட்டாயா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கடிகாரம் வைத்து ரத்தம் எடுப்பார்கள், முதல் சில மணி நேரம் அடுத்தடுத்து, பின்னர் இடைவெளி விட்டு. மருந்து உடம்பை விட்டு முழுதும் வெளியேறச் சில நாள் விடுவார்கள். மறுபடி வந்து, முதல் முறை புது மாத்திரை எடுத்தவர் இப்போது பழைய மாத்திரை எடுப்பார், பழையது எடுத்தவர் புதியது. இரண்டும் ரத்தத்தில் ஏறிய அளவின் விகிதம் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் இடையில் நின்றால்தான் தேர்ச்சி.

அந்த முடிவு கையை நீட்டியவரின் நேர்மையையும் நம்பியிருக்கிறது. ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் பொதுவாக மூன்று மாத இடைவெளி கேட்பது, இழந்த ரத்தம் ஊறவும், பழைய மருந்தின் மிச்சம் கணக்கைக் குழப்பாமல் இருக்கவும்தான். பணத்தேவையால் அதை மறைத்து இன்னொரு மையத்தில் சேர்பவர் முதலில் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார். அடுத்து, அந்த மாத்திரையை நம்பி வாங்கும் முகம் தெரியாத நோயாளியை ஏமாற்றுகிறார். மையங்களும் நேர்மையாக இருந்தாக வேண்டும். ஹைதராபாத்தில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வாலண்டியர்களின் ஈசிஜி பதிவுகள் திருத்தப்பட்டது தெரியவந்ததை அடுத்து, ஐரோப்பிய மருந்து முகமை 2015-இல் நூற்றுக்கணக்கான மருந்துகளின் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது.

மீஞ்சூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டம் மருத்துவ ஆய்வுக்குப் புதிதல்ல. 1968-இல், திருவள்ளூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் பங்கேற்றார்கள், உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே யோசிக்க வைத்தது. அதற்கு முன்பே, 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக் குணமடைய முடியும் என்று நிரூபித்தது. சானடோரியங்களின் காலம் முடிய அதுவும் ஒரு காரணம். நம் ஊர்க்காரர்களின் கைகளிலிருந்து உலகம் ஏற்கெனவே நிறையப் பெற்றிருக்கிறது.

ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். தெரிந்த மருந்தின் சமநிலை ஆய்வு வேறு, மனிதனுக்கு முதன்முதலாகக் கொடுக்கும் புது மருந்தின் ஆய்வு வேறு. 2006 மார்ச்சில் லண்டனில் அப்படியொரு புது மருந்தை ஏற்றிக்கொண்ட ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. அவர்களுக்குப் பேசிய தொகை ஆளுக்கு 2,000 பவுண்ட். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் அதே போன்றதொரு ஆய்வில் ஒருவர் இறந்தார். இங்கே 2011-இல், ஆந்திராவின் பிடுகுராள்ளா ஊரைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் எதற்குச் சம்மதித்தோம் என்றே சரியாகத் தெரியாமல் ஹைதராபாத்தில் புற்றுநோய் மருந்து ஆய்வில் கலந்துகொண்டது வெளிவந்து, அந்த மையத்தின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 2012-இல் ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013-இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் அவற்றை ஒன்றாகக் கட்டின.

அந்த விதிகள் உங்களுக்குத் தருவது என்ன? நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஆய்வு நடக்கக் கூடாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். ஆய்வின்போது உடம்புக்கு ஏதாவது நேர்ந்தால், அது ஆய்வால் வந்ததல்ல என்று உறுதியாகும்வரை இலவச சிகிச்சை. ஆய்வால் இறப்பு நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரம் உண்டு: அடிப்படைத் தொகை 8 லட்சம், அதோடு வயதுக் காரணியும் ஆபத்துக் காரணியும். ஆரோக்கியமாக வந்த 25 வயது ஆளுக்கு அது ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். கொடுக்கும் பணம் நேரத்துக்கும் பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் பட்ட சிரமத்துக்கும் ஈடு. ஆபத்தை மறந்து ஓடிவரச் செய்யும் தூண்டிலாக அது இருக்கக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள். ஆய்வு தொடர்பான உடல்நலக் காரணத்தால் இடையில் விலக்கினால் முழுத்தொகை, வேறு காரணத்தால் விலகினால் இருந்த அளவுக்கு உரிய தொகை என்றும் அவை சொல்கின்றன.

ஆகவே ‘ஸ்டடி’க்கு அழைப்பு வந்தால் இவற்றைக் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? ஏற்கெனவே கடையில் விற்பதா, மனிதனுக்கு முதன்முதலாகக் கொடுப்பதா? மொத்தம் எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்? நெறிமுறைக் குழு எது? தகவல் தாளைத் தமிழில் வாங்கிப் படியுங்கள், புரியாததைக் கேளுங்கள், கையெழுத்திட்ட பிரதியை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். குடித்ததையும், எடுத்துக்கொண்ட வேறு மாத்திரையையும், போன மாதம் போய்வந்த ஆய்வையும் மறைக்காதீர்கள். கமிஷனுக்கு ஆள் சேர்ப்பவர் ‘கையெழுத்துப் போடு, பார்த்துக்கலாம்’ என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எந்த நிமிடத்திலும் வேண்டாம் என்று சொல்லி வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு. கீறல் போட்ட செயின்ட் மார்ட்டினுக்குக் கிடைக்காத உரிமை அது. உங்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது, பயன்படுத்துங்கள்.