மார்கழி ராத்திரியில கை விறைக்குதா? எண்ணூர் இறால் வேட்டைக்கு ஒரு ‘கை’டு!

கூகுள்ல இங்கிலீஷ்ல ‘மணலி குளிர்’னு தட்டிப் பாருங்க. பனிமலை, ஸ்கீயிங், ஹனிமூன் பேக்கேஜ்னு வரிசையா வந்து நிற்கும். எல்லாமே இமாச்சலத்து மணாலி. ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான்ங்கிறதால, நம்ம வடசென்னை மணலி கண்ணுலயே படாது. ‘நம்ம மணலிக்கு ஏதுப்பா குளிரு?’ன்னு நீங்களும் சிரிக்கலாம். ஆனா, மார்கழி ராத்திரி ரெண்டு மணிக்குக் கொசஸ்தலை ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு இறால் தடவுறவங்க சிரிக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கை விறைச்சா, அன்னிக்கு வருமானமும் விறைச்சுப் போகும்.

தூண்டிலோட எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போற வீக்-எண்ட் பார்ட்டியா நீங்க? நைட் ஷிஃப்ட் முடிச்சு பைக்ல மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டுறவரா? இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

முதல்ல ஒரு விஷயம்: எது வேட்டை?

துப்பாக்கி, கண்ணி எல்லாம் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி காட்டு விலங்கு, பறவை வேட்டை குற்றம். பனிக்காலத்துல எண்ணூர், பழவேற்காடு பக்கம் வர்ற பூநாரைகளை போன்ல மட்டும்தான் பிடிக்கணும். நாம பேசப்போறது இறால், நண்டு, மீன் வேட்டை.

இந்தப் பகுதியில வலை இல்லாமலே இறால் பிடிப்பாங்க. தண்ணியில இறங்கி, சேத்துல கையை விட்டுத் தடவி, விரல்ல படுறதை அமுக்கிப் பிடிக்கணும். பிடிச்சதைப் போட்டுக்க ஓலையில பின்னின பறி. ரெண்டு கையும் வேலையில இருக்கிறதால, பறியைப் பல்லுல கடிச்சுக்கிறவங்களும் உண்டு. பகல்ல சேத்துக்குள்ள பதுங்குற பல வகை இறால் ராத்திரியிலதான் நடமாடும். அதனாலதான் இந்த நேரம். இருட்டுல கண்ணு உதவாது, விரல்தான் கண்ணு. தடிமனான கையுறை போட்டா எது இறால், எது கல்லுன்னே தெரியாது. சிக்கலே இங்கதான்.

20 டிகிரியில எப்படிக் கை விறைக்கும்?

சென்னையில ஜனவரி மாச ராத்திரி வெப்பநிலை சராசரியா 20, 21 டிகிரி செல்சியஸ். நுங்கம்பாக்கத்துல 1905 ஜனவரியில பதிவான 13.9 டிகிரிதான் நகரத்தோட குறைஞ்சபட்ச ரெக்கார்டுகள்ல ஒண்ணு. கேட்கப் பெரிய குளிராத் தெரியாது. ஆனா தண்ணி, காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். உங்க உடம்பு 37 டிகிரி. ஆத்துத் தண்ணி 25 டிகிரின்னே வெச்சுக்குங்க, மூணு மணி நேரம் உள்ள நின்னா சூடு இறங்கிக்கிட்டேதான் இருக்கும். கையை வெளியே எடுத்தா கடல் காத்து ஈரத்தை உலர்த்தும். அந்த ஈரம் ஆவியாகும்போதும் சூட்டை எடுத்துக்கிட்டுத்தான் போகும்.

உடம்புக்கு இதயம், மூளை, நுரையீரல்தான் முக்கியம். குளிர் ஏறினதும் விரலுக்குப் போற ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நடு உடம்புக்கு மிச்சம் பிடிக்கும். அதனால விரல் வெளுக்கும், மரத்துப் போகும், சொன்ன பேச்சு கேட்காது. ஐஸ் தண்ணி மாதிரி கடும் குளிர்ல சில நிமிஷம் விரல் இருந்தா, மூடின குழாய் கொஞ்ச நேரம் திறந்து மறுபடி மூடும். திறக்கும், மூடும், திறக்கும். 1930-ல இதை விளக்கமா எழுதின பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ், அதுக்கு வெச்ச பேர் என்ன தெரியுமா? ‘ஹன்ட்டிங்’. அதாவது, வேட்டை!

மரத்த விரல்... மறைஞ்சிருக்கிற ஆபத்து

விரல் மரத்துப்போனா இறால் நழுவும், அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் வேற. சேத்துல கிடக்கிற உடைஞ்ச பாட்டில், சிப்பி ஓடு கிழிச்சாகூட வலி தெரியாது. கரையேறி டார்ச் அடிச்சாதான் ரத்தம் தெரியும். கெளுத்தி முள்ளு, நண்டுக் கொடுக்கு ரெண்டுல இருந்தும் கையைச் சட்டுனு இழுக்கவும் முடியாது.

இறங்குறதுக்கு முன்னாடி

* உடம்பைச் சூடா வெச்சாதான் கை சூடா இருக்கும். தலைக்கு மங்கி கேப், கழுத்துக்கு மஃப்ளர், உடம்பை ஒட்டின உல்லன் அல்லது செயற்கை இழை டி-ஷர்ட். நனைஞ்ச காட்டன் பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சும்; அதைத் தவிருங்க.
* மணிக்கட்டை மறக்காதீங்க. அங்க ரத்தக் குழாய் தோலுக்குப் பக்கத்துலயே ஓடுது. பழைய சாக்ஸ்ல விரல் பக்கத்தை வெட்டி மணிக்கட்டுல மாட்டினா கரையில இருக்கும்போது நல்ல காப்பு.
* வெறும் வயித்தோட போகாதீங்க. உடம்பு சூடு உண்டாக்கச் சாப்பாடு வேணும். சோறோ, இட்லியோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ... ஏதாவது ஒண்ணு.
* மோதிரம், இறுக்கமான கயிறு எல்லாத்தையும் கழட்டி வெச்சுடுங்க. ரத்த ஓட்டத்துக்கும் நல்லது, விரல் வீங்கினாலும் சிக்காது.

தண்ணியில இருக்கும்போது

* முறை வெச்சு ஏறுங்க. விரல் நுனியைக் கட்டை விரலால தொட்டுப் பாருங்க. பத்து விரலும் தொடுறது தெரியணும். தெரியலைன்னா கரைக்கு வர்ற நேரம் வந்தாச்சு.
* கரையேறினதும் முதல் வேலை, காய்ஞ்ச துணியில கையைத் துடைக்கிறது. பிறகு ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள வையுங்க. காசில்லாத ஹீட்டர் அதுதான்.
* கையைத் தோள்ல இருந்து பெரிய வட்டமாச் சுத்துங்க. ரத்தம் விரல் நுனி வரைக்கும் தள்ளப்படும். ஒரு நிமிஷத்துல வித்தியாசம் தெரியும்.
* தூண்டில், வலை, நண்டு வளையம்னு கருவியோட போறவங்களுக்கு விரல் நுனி உணர்வு அவ்வளவா வேண்டியதில்லை. மெல்லிசான உல்லன் கிளவுஸ், அதுக்கு மேல பாத்திரம் கழுவுற ரப்பர் கிளவுஸ். இந்த ஜோடி போதும். பட்ஜெட் இருந்தா டைவிங் கடைகள்ல நியோப்ரீன் கிளவுஸ் கிடைக்கும்.
* ஆன்லைன்ல விக்கிற கை சூடேத்தும் பாக்கெட்டுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் இரும்புத்தூள். காத்து பட்டு அது துருப்பிடிக்கும்போது சூடு வரும். நனைஞ்சா வீண். அதனால சட்டைப் பையில வையுங்க, கரையில பயன்படுத்துங்க.

பைக் ஓட்டிகளுக்கு: காத்து புகாத கிளவுஸ்தான் முக்கியம். அவசரத்துக்கு, உல்லன் கிளவுஸுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவர்கூட உதவும். ஆனா பிரேக் பிடிக்கும்போது வழுக்குதான்னு வண்டியை எடுக்கும் முன்னாடியே பார்த்துக்குங்க.

இதெல்லாம் செய்யவே செய்யாதீங்க

* ‘ஒரு கட்டிங் போட்டா சூடாகும்’ங்கிறது பொய். மது தோல்ல இருக்கிற ரத்தக் குழாயை விரிக்கும். சூடா இருக்கிற மாதிரி தோணும். நிஜத்துல உடம்புச் சூடு வெளியே போகும். போதையில தண்ணிக்குள்ள நிக்கிறது உயிருக்கே ஆபத்து.
* சிகரெட்ல இருக்கிற நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். கை இன்னும் விறைக்கும்.
* மரத்த கையை நெருப்புக்கு ரொம்பப் பக்கத்துல காட்டாதீங்க. சுடுறது தெரியாமலே தோல் பொசுங்கிடும்.
* அடைச்ச குடிசையிலயோ, தார்ப்பாய் போட்ட படகுலயோ கரி அடுப்பு மூட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

கெளுத்தி குத்திட்டா?

குளிருக்கு உதவுற வெந்நீர் இங்கயும் உதவும். கெளுத்தி, திருக்கை முள்ளுல இருக்கிற நஞ்சு சூட்டுல செயலிழக்கும். காயத்தைச் சுத்தமான தண்ணியில கழுவி, தாங்குற சூட்டு வெந்நீர்ல (45 டிகிரிக்கு மேல வேண்டாம்) 30 முதல் 90 நிமிஷம் கையை வைக்கணும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாத் தெரியாது. அதனால வெந்நீரை முழங்கையால சோதிச்சுப் பாருங்க. பிறகு மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசி, முள்ளு உள்ள தங்கியிருக்கான்னு பரிசோதனை ரெண்டும் அவசியம். காயம் சிவந்து வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க, குறிப்பா சர்க்கரை நோய் உள்ளவங்க.

குளிர் பட்டதும் விரல் வெள்ளையாகி, நீலமாகி, சூடானதும் சிவக்குதா? அது ரேனாட்ஸ் பிரச்னையா இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுங்க.

குளிரைவிடப் பெரிய எதிரி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட, மணலி தொழிற்பகுதியில இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்துச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானா முன்வந்து வழக்கை எடுத்தது. அப்போ வாளியும் மக்குமா அந்த எண்ணெயை அள்ளினது மீனவர்கள்தான். ஆரம்ப நாள்கள்ல பலரும் வெறுங்கையோடதான் இறங்கினாங்க.

எண்ணெய்ப் படலம் தெரிஞ்சா கையை இறக்காதீங்க. தோலுக்கு எரிச்சல், கொப்புளம் வரலாம். பட்டுட்டா பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவே கூடாது. தேங்காய் எண்ணெய் தடவித் துணியால துடைச்சு, பிறகு சோப்புப் போடுங்க. கரையில டார்ச் அடிச்சுத் தண்ணியைப் பார்க்க அரை நிமிஷம் போதும். வானவில் நிறம் மின்னுதுன்னா அன்னிக்கு வேட்டை வேண்டாம்.

இன்னொரு விஷயம். அனல்மின் நிலையத்துல இருந்து வர்ற வெந்நீர் கலக்குற பக்கம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். கைக்கு இதம்தான். ஆனா, அந்தச் சூட்டுல மீனும் இறாலும் ஒதுங்கிப் போகுதுங்கிறது மீனவர்களோட நெடுநாள் புகார். கைக்குச் சூடு வெளியே இருந்து வேண்டாம். காய்ஞ்ச துணி, ஒரு ஃபிளாஸ்க் சுக்குக் காபி, கூட ஒரு ஆள். இந்த மூணும் இருந்தா இறங்குங்க, இல்லைன்னா நாளைக்கும் ராத்திரி வரும்.