ஓசூரில் எத்தனை வருடம்?

மார்ச் கடைசி வாரம் ஓசூர் சிப்காட் பக்கம் போனால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "இயர் எண்டிங்". அதற்குச் சில நாள் முன்னேபின்னே யுகாதி வரும். தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்கு அதுதான் நிஜப் புத்தாண்டு. தாலுகா ஆபீஸிலோ மூன்றாவதாக ஒரு வருடம் ஓடுகிறது: பசலி. ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடியும்.

பசலி அக்பர் காலத்துச் சரக்கு. பெயரிலேயே அறுவடை இருக்கிறது. 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலை வாங்கிய கம்பெனி, அலெக்சாண்டர் ரீடையும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவையும் இங்கே அனுப்பியது. ரயத்துவாரிக்கு இந்த மண்ணில்தான் ஒத்திகை நடந்தது. வயலை அளந்து ஆளுக்கு இவ்வளவு என்று வரி எழுதிய அந்தக் கணக்கின் மிச்சம்தான் இன்றைக்கும் மே, ஜூனில் நடக்கும் ஜமாபந்தி.

நிதியாண்டு வேறு கதை. 1897ஆம் வருடத்துப் பொது உட்பிரிவுகள் சட்டம் அதற்கு ஒரு வரிதான் செலவழிக்கிறது: ஏப்ரல் முதல் தேதி தொடங்கும் ஆண்டு. ஏன் ஏப்ரல்? சித்திரை, அறுவடை என்று நம்ம ஆட்கள் காரணம் சொல்வார்கள். நான் நம்பவில்லை. 1866 வரை இங்கே அரசாங்கக் கணக்கு மே 1இல்தான் தொடங்கியது. லண்டன் கணக்கோடு ஒட்டவைக்க 1867இல் அதை ஏப்ரலுக்கு இழுத்தார்கள். அதனால் 1866-67க்கு பதினொரே மாதம்!

கிருஷ்ணகிரி மாந்தோப்பைப் பார்த்தாலே தெரியும். பூவுக்கு அடித்த மருந்துச் செலவு ஒரு வருடக் கணக்கில். காய் விற்ற காசு அடுத்த வருடக் கணக்கில். அறுவடையை நினைத்தவன் நடுவில் இப்படிக் கோடு போடுவானா?

வியாபாரிகள் ரொம்ப நாள் இதற்கு வெளியே இருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்தாலும் வருமான வரிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1989இல்தான் எல்லாருக்கும் மார்ச் 31 என்று ஆனது.

கம்பெனித் தொழிலாளிக்கு அந்தத் தேதி போனஸ் வழியாக வந்து சேர்கிறது. 2025 வரை அமலில் இருந்த 1965ஆம் வருட போனஸ் சட்டப்படி கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் பணம் தரவேண்டியிருந்தது. மார்ச்சிலிருந்து எண்ணினால் நவம்பர் 30. தீபாவளி அதற்குள் வந்துவிடும். ஆனால் அந்த ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருக்கவேண்டும். 2024 பிப்ரவரி முதல் தேதி சேர்ந்து விடாமல் வேலைக்குப் போனவருக்கு அந்தத் தீபாவளிக்கே கொஞ்சம் உரிமை உண்டு. மார்ச் 10இல் சேர்ந்தவருக்கு அந்த மார்ச் கணக்கிலேயே வராது. சட்டப்படி அவருடைய முதல் போனஸ் 2025 தீபாவளிக்குத்தான்.