கருவிகளுக்கிடையேயான பகிர்வு அமைப்புகளின் வரலாறு

கணினியில் உள்ள செயலிகளும் கோப்புகளும் பிற கருவிகளோடு எதைப் பகிரலாம், யாரோடு பகிரலாம் என்பதைப் பயனர் முடிவு செய்யும் வசதி பகிர்வு அமைப்பு எனப்படுகிறது. இன்று விண்டோஸ் 11 கணினியின் அமைப்புகள் பக்கத்தில் செயலிகள் பகுதியைத் திறந்தால் இதற்கு மூன்று தெரிவுகள் இருக்கும்: பகிர்வை நிறுத்தி வைத்தல், என் கருவிகள் மட்டும், அருகிலுள்ள அனைவரும். 'என் கருவிகள்' என்பது ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்துள்ள கருவிகளைக் குறிக்கும். மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும் இந்தத் தெரிவுகள் இந்த வடிவத்துக்கு வந்து சேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

பாம் பைலட்டும் நான்கு தெரிவுகளும்

1996 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. கணினியோடு கம்பியால் இணைந்த ஒரு தாங்கியில் அதை வைத்து, தாங்கியிலிருந்த பொத்தானை அழுத்தினால் போதும். நாட்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டியவை, குறிப்புகள் ஆகியவை இரு பக்கமும் ஒன்றாகிவிடும். இதற்கு 'ஹாட்சிங்க்' என்று பெயர்.

ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி அமைப்பு இருந்ததே இதன் சிறப்பு. நாட்காட்டியை இரு பக்கமும் ஒத்திசைக்கலாம். முகவரிகளில் கணினியில் உள்ளதைக் கொண்டு கைக்கருவியில் உள்ளதை மாற்றலாம். குறிப்புகளில் அதற்கு நேர்மாறாகச் செய்யலாம். விரும்பினால் ஒரு செயலியைத் தொடாமலே விட்டுவிடலாம். இந்த நான்கு தெரிவுகளில் நடுவிலுள்ள இரண்டும் ஆபத்தானவை. மின்கலம் தீர்ந்து வெறுமையாகிவிட்ட கைக்கருவியைத் தாங்கியில் வைத்து, திசையை மாற்றித் தெரிவு செய்தவரின் கணினியில் இருந்த முகவரிகளும் அழிந்துபோகும். ஒரே பதிவை இரு பக்கமும் திருத்தியிருந்தால் கருவி எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லாது. இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொள்ளும். எது சரி என்பதை மனிதரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். பின்னாளில் வந்த பல மேகச் சேவைகளை விட இது நேர்மையான முறை என்றே சொல்ல வேண்டும்.

திறந்து கிடந்த கோப்புறைகள்

பாம் பைலட்டில் பகிர்வு ஒரு கம்பிக்குள் அடங்கியிருந்தது. கணினி வலையமைப்பில் நிலைமை அப்படியில்லை. 1992 இல் வெளிவந்த 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' அலுவலகக் கணினிகள் கோப்புறைகளையும் அச்சுப்பொறியையும் பகிர வழி செய்தது. ஒரே அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள் என்ற நம்பிக்கையில் உருவான ஏற்பாடு அது. அதே ஏற்பாடு விண்டோஸ் 95, 98 வழியாக வீடுகளுக்கு வந்தது. பின்னர் அவ்வீடுகளுக்குக் கேபிள் இணையமும் வந்தது. ஒரே தெருவிலிருந்த கேபிள் பயனர்கள் சிலர், முன்பின் தெரியாத அண்டை வீட்டாரின் கோப்புறைகளைத் தங்கள் திரையில் கண்டார்கள்.

கடவுச்சொல் வைத்தவர்களும் தப்பவில்லை. விண்டோஸ் 95, 98, மில்லேனியம் பதிப்புகளில் பகிர்ந்த கோப்புறைக்கான கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது, எத்தனை எழுத்துகளை ஒப்பிட வேண்டும் என்பதை உள்ளே வர முயல்பவரின் கணினியே சொல்லலாம் என்ற பிழை இருந்தது. ஒரே எழுத்து என்று சொன்னால் முதல் எழுத்து மட்டுமே ஒப்பிடப்படும். பூட்டின் நீளத்தைத் திருடனிடமே கேட்ட கதைதான். 2000 அக்டோபரில் இதற்குத் திருத்தம் வெளியானது.

பயனர் எதையும் தொடாவிட்டால் தானாக நிற்கும் நிலைக்கு இயல்பிருப்பு என்று பெயர். பெரும்பாலோர் அமைப்புகள் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பதால், உண்மையில் பாதுகாப்பைத் தீர்மானிப்பது இதுவே. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவிய பின், 2004 இல் வந்த எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு தீச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்தது. அடுத்து வந்த விஸ்டா, இணைந்திருக்கும் வலையமைப்பு வீடா, பணியிடமா, பொது இடமா என்று கேட்கத் தொடங்கியது. விண்டோஸ் 7 உடன் 2009 இல் 'ஹோம்குரூப்' வந்தது. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1803 பதிப்பில் அது நீக்கப்பட்டது. புளூடூத், வைஃபை வழியாக இயங்கும் அருகாமைப் பகிர்வு அதே பதிப்பில் அறிமுகமானது. வலையமைப்பைப் பார்த்து நம்பிய காலம் போய், கணக்கையும் தூரத்தையும் பார்த்து நம்பும் காலம் வந்தது எனலாம். இதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகவே 'வான்னாக்ரை' பரவி, பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடக்கியது.

ஏர்டிராப்: 'அனைவரும்' என்ற தெரிவு

ஆப்பிள் நிறுவனம் 2011 இல் மேக் கணினிகளுக்கும், 2013 இல் ஐபோனுக்கும் ஏர்டிராப் வசதியை அளித்தது. 2014 முதல் இரண்டும் ஒன்றோடொன்று பகிரலாயின. நிறுத்தம், தொடர்புகள் மட்டும், அனைவரும் என்று இதிலும் மூன்று தெரிவுகளே. 'அனைவரும்' என்று விட்டுவைத்தவர்களின் திரைக்கு அறிமுகமற்றவர்கள் ஆபாசப் படங்களை அனுப்பத் தொடங்கினார்கள். 2015 இல் லண்டன் ரயில் பயணி ஒருவருக்கு நேர்ந்ததைக் காவல்துறை விசாரித்தது.

அதே தெரிவு வேறோர் இடத்தில் வேறு பயனைத் தந்தது. 2022 அக்டோபரில் பெய்ஜிங்கில் ஒரு மேம்பாலத்தில் அரசுக்கு எதிரான பதாகைகள் தொங்கவிடப்பட்ட பின், சீனாவில் சிலர் அவ்வாசகங்களை ஏர்டிராப் மூலம் அருகிலிருந்தவர்களுக்கு அனுப்பினார்கள். இணையம் தேவைப்படாததால் தணிக்கை இதைத் தொட முடியவில்லை. நவம்பரில் வந்த மென்பொருள் திருத்தம், சீனாவில் விற்ற ஐபோன்களில் 'அனைவரும்' என்பதைப் பத்து நிமிடங்களுக்கு மட்டும் எனச் சுருக்கியது. டிசம்பரில் உலகம் முழுவதற்கும் அதே வரம்பு வந்தது. தொந்தரவைத் தடுக்க நல்ல வரம்புதான். ஆனால் அது முதலில் வந்த இடமும் நேரமும் கேள்விகளை எழுப்பின.

தொடர்புகளைச் சரிபார்க்க ஏர்டிராப் தொலைபேசி எண்ணின் சுருக்கக் குறியீட்டைப் பரிமாறிக்கொள்கிறது. தொலைபேசி எண்கள் ஒரு வரம்புக்குள் அடங்குபவை என்பதால், எல்லா எண்களுக்கும் குறியீடு கணித்து ஒப்பிட்டால் மூல எண் தெரிந்துவிடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2019 இலேயே ஆப்பிளிடம் தெரிவித்திருந்தனர். 2024 ஜனவரியில், ஏர்டிராப்பில் அனுப்பியவர்களின் எண்ணையும் மின்னஞ்சலையும் கண்டறியும் முறை கைவந்துவிட்டதாகப் பெய்ஜிங் நீதித்துறை அலுவலகம் அறிவித்தது.